வென்றோம் என்னும் சொல்

"பந்தைத் தொட்டவர் வேறு சிலர். அவர் அதற்கென ஊதியம் பெறுபவர். நீரோ வீட்டில் நாற்காலியில் அமர்ந்திருந்தீர். அங்ஙனமிருக்க, 'நாம் வென்றோம்' என்று மார்தட்டுகின்றீரே; அந்த 'நாம்' என்பதனுள் நீர் எவ்விடத்தில் இருக்கின்றீர்?"

இவ்வாறு நம்மை வினவினார், உடன் பணிபுரியும் நண்பர் ஒருவர். 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13-ஆந் திகதி இரவு, ரொறன்ரோ ராப்டர்ஸ் என்னும் கூடைப்பந்தாட்டக் குழுவினர் வட அமெரிக்காவின் பெருஞ் சங்கமாகிய என்.பி.ஏ.யின் வாகையைச் சூடினர். நண்பர் வினவியது அதன் மறுநாட் காலையில். விடை கூற நமக்கு நா எழவில்லை. இரவெல்லாம் கூவிக் குரல் கம்மியிருந்தமை ஒரு காரணம். வினா நியாயமானது என்பது மற்றொரு காரணம். ஆண்டுகள் பல கழிந்தும் அவ்வினா நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. அதற்கு விடை காண முயல்வதே இச்சிறு கட்டுரை.

இலக்கிய ஆராய்ச்சியும் சமயச் சிந்தனையும் இடம்பெறும் இத்தமிழ்ப் பகுதியிற் பந்தாட்டத்தைப் பற்றி எழுதுதல் தகுமோ என்று வாசகருட் சிலர் ஐயுறலாம். கல்வி என்பது வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள் மாத்திரம் நிகழ்வதன்று என்று நமக்கு முதன்முதற் கற்பித்தது இக்கல்லூரியே யன்றோ? மாலை மணி அடித்ததும் புத்தகங்களை வேப்பமரத்தடியிற் போட்டுவிட்டுக் களத்திற்கு ஓடிய பழைய மாணவர் எவரும் இதனை மறுக்கமாட்டார். கணிதத்தில் நாம் கற்றவற்றுட் பெரும்பாலன மறந்துபோயின. களத்திற் கற்றவை மறக்கவில்லை. மறந்தோம் என்று நாம் வெட்கிய ஓர் இரவும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதற்கண் இவ்வாட்டத்தின் பிறப்பைச் சிறிது நோக்குவோம். கனடா தேசத்து ஒன்ராறியோ மாகாணத்தில், அல்மொன்ட் என்னும் சிற்றூரின் அருகே 1861-ஆம் ஆண்டிற் பிறந்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். இவர் மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்று, அந்நகரிலேயே பிரெஸ்பிற்றீரியன் சபையாரின் இறையியற் கல்லூரியிலும் பயின்று தேறினார். குருத்தொழிலுக்கு வேண்டிய கல்வியெல்லாம் பெற்றும், பிரசங்க பீடத்தினின்று செய்யக்கூடிய நன்மையை விளையாட்டுக் களத்தினின்றுஞ் செய்யலாம் என்று துணிந்து, ஐக்கிய அமெரிக்காவின் ஸ்பிறிங்ஃபீல்ட் நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியை அடைந்தார்.

1891-ஆம் ஆண்டு பனிக்காலத்தில் அக்கல்லூரி மாணவர் வெளியே ஆட இயலாது, கூடத்துள் ஒரே வகையான உடற்பயிற்சியைச் செய்து சலித்துக் கலகஞ் செய்யத் தொடங்கினர். பதினான்கு நாட்களுள் அவர்களுக்கு ஏற்ற புதிய ஆட்டம் ஒன்றை அமைத்துத் தருமாறு கல்லூரித் தலைவர்களுள் ஒருவராகிய லூதர் குலிக் என்பார் நெய்ஸ்மித்துக்குப் பணித்தார். வெளியே ஆடும் ஆட்டங்களைக் கூடத்துள் ஆடுவித்துப் பார்த்தார்; அவை மோதலும் காயமுமாய் முடிந்தன. ஆகவே அவர் காரணத்தை ஆராய்ந்தார். பந்தை ஏந்தி ஓடுபவனைப் பிடித்து வீழ்த்தவேண்டியிருப்பதால் அன்றோ அடிதடி விளைகின்றது? ஆதலின், பந்தை ஏந்தி ஓடலாகாது என்று விதித்தார். இலக்கு நிலத்தின்மேல் இருப்பதால் அன்றோ பந்தை வலிந்து எறிகின்றனர்? ஆதலின், இலக்கைத் தலைக்குமேல் உயர்த்தினார். கல்லூரிக் காவலாளர் கொணர்ந்த இரண்டு பீச்சுப்பழக் கூடைகள் பத்தடி உயரத்தில் மாடத்தின் விளிம்பில் அறையப்பட்டன. பதின்மூன்று விதிகள் வகுக்கப்பட்டன. பதினெண்மர் ஒன்பதின்மராகப் பிரிந்து ஆடிய முதல் ஆட்டத்தில், ஒரே ஒரு முறைதான் பந்து கூடையுள் வீழ்ந்தது.

இதனால் நாம் அறியக் கிடப்பது யாது? எதிரில் நிற்பவன் உடலுக்கு ஊறு நேரலாகாது என்னும் கருத்தே இவ்வாட்டத்தின் கருவாயிருந்தது என்பதாம். மற்றைய ஆட்டங்கள் பிறந்த பின்னர் இரக்கத்தைக் கற்றன. இது இரக்கத்திற் பிறந்த ஆட்டம். வாசகர் இதனை மனத்திற் கொள்வாராக.

ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தார் வழியாகவும் மிஷனரிமார் வழியாகவும் இவ்வாட்டம் கீழ்த்திசை நாடுகளை அடைந்தது. ஸ்பிறிங்ஃபீல்டிற் பயின்ற ஹாரி குரோ பக் என்பார் 1920-ஆம் ஆண்டிற் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றை நிறுவினார். அவ்வழி வந்த ஆட்டத்தையே நாமும் நம் கல்லூரிக் களத்திற் பயின்றோம். நாம் சிறந்த ஆட்டக்காரராய் இருந்ததில்லை என்பதை உடன் பயின்றோர் சொல்லுமுன் நாமே சொல்லிவிடுகின்றோம். களத்தின் ஓரத்தில் நின்று கூவுவதில் மாத்திரம் நமக்கு நிகர் எவரும் இலர்.

நிற்க. காலம் நம்மைப் பெயர்த்துக் கடல் கடந்து கொண்டுபோய் விட்டது. ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியிற் குடியேறிய எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுள் நமதும் ஒன்று. புதிய ஊருக்கு வருபவன் பலவற்றை இழந்து வருகின்றான். அவற்றுள் ஒன்றைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அஃது 'நாங்கள்' என்னும் சொல். ஊரில் இருந்தபோது எங்கள் குளம், எங்கள் பள்ளி, எங்கள் சந்தை என்று எண்ணாமலே சொல்லி வந்தோம். இங்கே வந்த பின்னர் எதனைச் சுட்டி அங்ஙனஞ் சொல்வது? பனி அவர்களுடையது, பாதை அவர்களுடையது, பேச்சும் அவர்களுடையது.

அந்நாளில், அதாவது 1995-ஆம் ஆண்டில், ராப்டர்ஸ் குழு பிறந்தது. அவ்வாண்டு நவம்பர் மாதம் 3-ஆந் திகதி ஸ்கைடோம் என்னும் பேரரங்கிலே நியூ ஜேர்சி அணியை எதிர்த்து ஆடிய முதல் ஆட்டத்தில் 94-க்கு 79 என்ற கணக்கில் வென்றது. அந்த ஒரு வெற்றியைக் கொண்டு ஊர் மயங்கியது. மயக்கம் நெடுநாள் நிற்கவில்லை. அப்பருவத்தில் ஆடிய 82 ஆட்டங்களில் 21 மாத்திரமே வெற்றி. 1997-98-ஆம் பருவத்தில் 16 மாத்திரமே. பனிவிளையாட்டாகிய ஹொக்கியையே உயிரென மதிக்கும் அந்நகரத்தார் பலருக்கு இக்குழு வந்ததுந் தெரியாது, தோற்றதுந் தெரியாது. முன்னொருகால், 1946-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆந் திகதி, பின்னாளில் என்.பி.ஏ. எனப் பெயர்பெற்ற சங்கத்தின் முதல் ஆட்டமே அந்நகரில் நடந்தது; ஹஸ்கீஸ் என்னும் உள்ளூர்க் குழு நியூ யோர்க் குழுவிடம் 66-க்கு 68 என்று தோற்று, ஒரே பருவத்தில் மறைந்தும் போயிற்று. அதுபோலவே இதுவும் மறையும் என்றனர் அறிந்தோர்.

ஆயினும் நமக்கு இக்குழுவினிடத்து ஒரு பற்று விழுந்துவிட்டது. அதுவும் ஊருக்குப் புதிது. நாமும் ஊருக்குப் புதிது. அதனையும் ஒருவரும் பொருட்படுத்தவில்லை. நம்மையும் ஒருவரும் பொருட்படுத்தவில்லை. ஒருநாட் காலையில், வேலைத்தலத்திலே, "நேற்று நாங்கள் தோற்றுவிட்டோம்" என்று ஒருவரிடம் நம்மையறியாமலே சொன்னோம். சொன்ன பின்னரே உணர்ந்தோம், அந்நாட்டில் நாம் சொன்ன முதல் 'நாங்கள்' அதுவென்று. தோல்வியைச் சொல்லவே அச்சொல் முதலில் நமக்கு வாய்த்தது.

தோல்விக்குக் குறைவும் இருக்கவில்லை. 2001-ஆம் ஆண்டு மே மாதம் பிலடெல்பியாவில் நடந்த ஏழாம் ஆட்டத்தில், நம்மவர் ஒரு புள்ளி பின்நிற்க, வின்ஸ் கார்ட்டர் என்னும் வீரர் எறிந்த கடைசிப் பந்து கூடையில் விழவில்லை, 87-க்கு 88. அவரும் 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் நீங்கினார். 2010-இல் கிறிஸ் பொஷ் நீங்கினார். 2014-இல் புரூக்ளின் அணியிடம் ஏழாம் ஆட்டத்தில் மறுபடியும் ஒரே புள்ளியில் வீழ்ந்தோம். 2016, 2017, 2018 என மூன்றாண்டும் கிளீவ்லாண்ட் அணி நம்மைத் தடுத்தது. பின்னிரண்டு முறையும் ஓர் ஆட்டங்கூட வெல்ல விடாது தடுத்தது. ஆடத் தெரியாதவள் கூடங் கோணல் என்றாற்போல, நாமும் ஆண்டுதோறும் நடுவரைக் குறை கூறினோம். கால அட்டவணையைக் குறை கூறினோம். நாம் அமர்ந்த நாற்காலியையும் இருமுறை மாற்றிப் பார்த்தோம்.

இனி, நண்பர் வினாவிற்கு வருவோம். பார்த்திருந்தவனுக்கு வெற்றியிற் பங்கு உண்டோ?

தேரோட்டத்தைக் கண்டவர் இதனை எளிதில் உணர்வர். ஆயிரவர் பிடிக்கும் வடத்தை ஒருவன் விட்டால் தேர் நிற்பதில்லை; ஆயிரவரும் விட்டால் தேர் நகர்வதில்லை. தன் ஒருவன் கையால் தேர் ஓடிற்று என்பவன் அறிவிலி. தன் கைக்கும் தேருக்குந் தொடர்பே இல்லை என்பவனும் அறிவிலியே. ஒரு குழு நிலைபெறுவது ஆடுபவரால் மாத்திரம் அன்று. மழையிலும் பனியிலும் சென்று பார்ப்போரும், தோற்றபின்னும் மறுநாள் அதனைப் பற்றிப் பேசுவோரும் இருப்பதனாலேயே. வான்கூவர் நகரிலும் 1995-ஆம் ஆண்டே ஒரு குழு தோன்றியது. 2001-ஆம் ஆண்டில் அது மெம்பிஸ் நகருக்குப் பெயர்க்கப்பட்டது. வடம் தளர்ந்தால் தேர் வேற்றூருக்குப் போய்விடும் என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ?

ஆகவே, 'வென்றோம்' என்று சொல்லுதற்குப் பார்வையாளனுக்கும் உரிமை உண்டு என்பதே நம் துணிபு. அவ்வுரிமை எதனால் வந்தது? 'தோற்றோம்' என்று முன்னர்ச் சொன்னதனால் வந்தது. குழு தோற்றபோது 'அவர்கள் தோற்றார்கள்' என்றும், வென்றபோது 'நாங்கள் வென்றோம்' என்றும் சொல்பவன், விதைக்கும்போது ஊரில் இராது அறுவடைக்கு மாத்திரம் அரிவாளோடு வருபவன் ஆவான். நாம் இருபத்துநான்கு ஆண்டு 'தோற்றோம்' என்றவர். இம்மட்டில் நண்பருக்கு விடை கூறிவிட்டோம் என்று நிமிர்ந்து நிற்கலாம். ஆயினும் உரிமை உள்ள இடத்திலே கடமையும் உண்டு. அக்கடமையில் நாம் தவறிய கதையையும் சொன்னாலன்றி இக்கட்டுரை நேர்மையுடையதாகாது.

2019-ஆம் ஆண்டு நம் குழு முன்னொருபோதும் இல்லாத உயரத்தை எட்டியது. மே மாதம் 12-ஆந் திகதி, அதே பிலடெல்பியா அணியோடு, மறுபடியும் ஏழாம் ஆட்டம், இருபக்கமும் 90. காவாய் லெனார்ட் மூலையினின்று எறிந்த பந்து வளையத்தின்மேல் நான்கு முறை துள்ளி, உள்ளே வீழ்ந்தது. 2001-இல் வீழாத பந்து பதினெட்டு ஆண்டு கழித்து வீழ்ந்தது என்றே நமக்குத் தோன்றியது. எதிரணியின் ஜோயல் எம்பீட் கண்ணீர் விட்டுக்கொண்டு களத்தை நீங்கினார். அதனை நாம் பார்த்தும் பாராதிருந்தோம். பின்னர் மில்வாக்கி அணியிடம் முதலிரண்டு ஆட்டமுந் தோற்று, அடுத்த நான்கையும் வென்று, இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் என்னும் வலிய அணியை எதிர்கொண்டனர் நம்மவர். ஏழு ஆட்டங்களுள் நான்கை வெல்வோர்க்கே வாகை. நான்கு ஆட்டம் முடிந்தபோது நம்மவர் வென்றவை மூன்று.

ஜூன் 10-ஆந் திகதி, ரொறன்ரோவில் ஐந்தாம் ஆட்டம். வாரியர்ஸ் அணியின் பெருவீரர் கெவின் டியூரான்ட் காயத்தால் ஒரு மாதம் ஆடாதிருந்து அன்றுதான் களம் புகுந்தார். புகுந்த சிறிது நேரத்திலேயே நம் நெஞ்சிற் கலக்கம் மூட்டினார். இரண்டாம் பகுதியில், பந்தைத் தட்டிக்கொண்டு வந்தவர், ஒருவரும் மோதாமலே சாய்ந்தார். வலக் குதிகாலின் பின்நரம்பு அறுந்துபோயிற்று என்பது பின்னர்த் தெரிந்தது. அந்நேரத்தில் அரங்கிலிருந்தோருட் சிலர் ஆரவாரித்தனர். கையசைத்து வழியனுப்பினருஞ் சிலர். நம் வீட்டிற் கூடியிருந்தவர் பன்னிருவர். அவருள் முதலிற் கைதட்டியவர், இதனை எழுதும் நாமே.

அன்று நம் வீட்டிற் பின்வரிசையில், சுவரோரமாக, நம்மோடு இக்கல்லூரியிற் பயின்ற பழைய நண்பர் ஒருவர் அமர்ந்திருந்தார். கல்லூரிக் குழுவில் ஆடியவர். அயற் கல்லூரி ஒன்றோடு நடந்த ஆட்டத்தில், நம் களத்திலேயே, அதே நரம்பு அறுந்து வீழ்ந்தவர். அதன்பின் அவர் ஆடவில்லை. இன்றும் படியிறங்கும்போது கைப்பிடியைத் தேடுவார். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. திரையைப் பார்த்தபடியே, "மச்சான், நான் விழுந்த அன்று எதிர்க் கல்லூரிப் பெடியன்கள் கைதட்டவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள்" என்று மாத்திரஞ் சொன்னார்.

உண்மை. நாமும் அன்று களத்தின் ஓரத்தில் நின்றோம். எதிர்க் கல்லூரித் தலைவன் இவர் கையைத் தன் தோளிற் போட்டுக்கொண்டு நடந்ததும், இருபக்கத்து மாணவரும் வாய்பேசாது எழுந்து நின்றதும் நம் கண்ணால் கண்டவை. பதினேழு வயதில் அறிந்திருந்ததை ஐம்பதில் எங்ஙனம் மறந்தோம்? ஊறு நேரலாகாது என்று ஒரு நல்லாசிரியர் அமைத்த ஆட்டத்தில், ஊறு நேர்ந்ததைக் கண்டு களிக்க நம் கைகள் எங்ஙனம் எழுந்தன?

அந்நேரத்தில் திரையிலே மற்றொன்றுங் கண்டோம். நம் குழுவின் கைல் லௌரி, செர்ஜ் இபாக்கா, டானி கிரீன் ஆகியோர் பார்வையாளரை நோக்கிக் கையுயர்த்தி, ஆரவாரிக்கவேண்டா என்று தடுத்தனர். பின்னர் அரங்கம் தன்னை உணர்ந்தது. டியூரான்ட் தாங்கலோடு நடந்து களத்தை விட்டகலும்போது கைதட்டி மரியாதை செய்தது. வெற்றியால் ஊதியமும் புகழும் அடையவிருந்த வீரர் எதிரிக்காக இரங்கினர். ஒரு காசும் பெறாத நாம் எதிரியின் துன்பத்தில் மகிழ்ந்தோம். "நீர் அந்த 'நாம்' என்பதனுள் எவ்விடத்தில் இருக்கின்றீர்?" என்று நண்பர் பின்னொருநாள் வினவப்போவதை அறியாமலே, அன்றிரவு அதே வினாவை நாம் நம்மையே வினவிக்கொண்டோம். கைதட்டிய அந்த ஒரு கணத்தில் நாம் லௌரியின் பக்கத்தில் இருக்கவில்லை. எந்தப் பக்கத்திலும் இருக்கவில்லை.

அவ்வாட்டத்தில் நம்மவர் 105-க்கு 106 என்று தோற்றனர். ஒரு புள்ளித் தோல்வி நமக்குப் பழகியதே. ஆயினும், தகும் என்று ஏற்றுக்கொண்ட தோல்வி அஃதொன்றே.

மூன்று நாட் கழித்து, ஓக்லாண்ட் நகரில் ஆறாம் ஆட்டம். மூன்றாம் பகுதியில் வாரியர்ஸ் அணியின் கிளே தொம்சன் வீழ்ந்தார். முழங்கால் நரம்பு அறுந்தது. நம் வீட்டில் ஒருவருங் கைதட்டவில்லை. வெளியே கொண்டுசெல்லப்பட்டவர், பாதி வழியினின்று திரும்பி வந்து, பிழைக்கு ஈடாகத் தமக்குரிய இரண்டு எறிதல்களையும் எறிந்து இரண்டையும் கூடையுள் வீழ்த்தினார். அப்பொழுது பின்வரிசையினின்று ஒருவர் கைதட்டும் ஓசை கேட்டது. திரும்பிப் பாராமலே யார் என்று அறிந்தோம். நாமும் உடன் தட்டினோம். எதிரணிக்கு இரண்டு புள்ளி சேர்ந்ததற்காக நாம் மகிழ்ந்தது நம் வாழ்நாளில் அதுவே முதன்முறை.

ஆட்டம் 114-க்கு 110 என்று முடிந்தது. ஐக்கிய அமெரிக்காவிற்கு வெளியேயுள்ள குழுவொன்று அவ்வாகையைச் சூடியது அதுவே முதன்முறை.

அந்தக் கணத்தில் நமக்கு என்ன தோன்றிற்று என்பதை உள்ளபடி சொல்வோம். கூவினோம், அழுதோம், பக்கத்திலிருந்தவரைக் கட்டிக்கொண்டோம். இவையெல்லாம் உண்மை. ஆனால் அவற்றிற்கு முன்னே, ஒரு நொடி, ஒன்றுமே தோன்றவில்லை. இருபத்துநான்கு ஆண்டாக ஒவ்வொரு பருவ முடிவிலும் நெஞ்சைத் தேற்றிக்கொள்ளப் பழகியிருந்தோம். அன்றும் மனம் வழக்கம்போலத் தேறுதல் மொழியைத் தேடிச் சென்று, வேண்டாத இடத்தில் வெறுங்கையோடு நின்றது. நெடுநாள் நோயாளியைப் பார்த்து வந்தவன், அவர் எழுந்து நடந்த பின்னும் நள்ளிரவில் மருந்து கொடுக்க விழிப்பதைப் போன்றது அந்நிலை.

பின்னர்த் தெருவிற்குச் சென்றோம். வண்டிகள் ஒலியெழுப்பின. பெயரறியாத அயலார் நம் கையைப் பற்றிக் குலுக்கினர். பல நாட்டார், பல நிறத்தார், பல மொழியில் ஒன்றையே சொன்னார்கள். வென்ற குழுவிலும் பல நாட்டார் இருந்தனர். பஸ்கால் சியாக்கம் கமரூன் நாட்டிலே குருமடத்திற் பயின்ற சிறுவன். இபாக்கா கொங்கோ நாட்டவர். மார்க் கசோல் ஸ்பெயின் நாட்டவர். குழுவின் அன்றைய தலைவர் மசாய் உஜிரி நைஜீரியாவில் வளர்ந்தவர். அவ்வாண்டு அக்டோபரில் வீரருக்கு வாகை மோதிரம் வழங்கியபோது, 1995-ஆம் ஆண்டு முதல் உள்ளூர் ஆட்டம் ஒன்றும் தவறாது வந்த நவ் பாட்டியா என்னும் சீக்கிய அன்பருக்கும் ஒரு மோதிரம் அளித்தனர். பார்வையாளனுக்குப் பங்கு உண்டோ என்னும் வினாவிற்குக் குழுவினரே அளித்த விடையன்றோ அது?

ஆயினும் அவ்விரவிலேயே ஒரு பெயர் நம் நெஞ்சை உறுத்தியது. டெமார் டிரோசன் என்பவர் 2009 முதல் ஒன்பது பருவம் இக்குழுவில் ஆடியவர். இந்நகரைத் தம் நகர் என்று சொல்லி, மற்றோர் நீங்கிய காலத்தும் நீங்காது நின்றவர். 2018-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அவரைச் சான் அன்டோனியோ அணிக்குக் கொடுத்தே லெனார்ட்டைப் பெற்றனர். உழுதவர் ஒருவர், உலைவைத்த நாளில் இலையில் அமர்ந்தவர் வேறொருவர். பரிமாற்றம் நடந்தபோது நாம் வெகுண்டோம். வென்றபோது அவ்வெகுளியை மறந்தோம். ஓராண்டு ஆடி வாகை தந்த லெனார்ட்டும் அடுத்த மாதமே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கிளிப்பர்ஸ் அணிக்குச் சென்றுவிட்டார். அவர்மீது நமக்குக் குறையில்லை. சொன்ன வேலையைச் செய்து முடித்தே சென்றார். ஆனால் பாடம் ஒன்று உண்டு. பற்றை அளப்பதற்கு வெற்றி ஏற்ற கோல் அன்று. கிண்ணத்தைத் தந்தவரை மாத்திரம் போற்றி, கிண்ணம் இல்லாக் காலத்தில் உடனிருந்தவரை மறப்போமாயின், நம் இருபத்துநான்கு ஆண்டுப் பொறுமையையும் நாமே இகழ்ந்தவராவோம்.

அதன்பின் நிகழ்ந்தவை உலகம் அறிந்தவை. கொள்ளைநோய்க் காலத்தில் எல்லை அடைபட்டமையால் 2020-21-ஆம் பருவத்தில் நம் குழு புளோரிடாவின் தம்பா நகரில் ஆட நேர்ந்தது. லௌரி 2021-இல் நீங்கினார். சியாக்கம் 2024-இல் நீங்கினார். டியூரான்ட் குணமடைந்து 2020 டிசம்பரில் மீண்டும் களம் புகுந்தார். அந்நாளில் அவர் ஆட்டத்தை நாமும் நம் நண்பரும் ஒருங்கிருந்து பார்த்தோம். அவர் எறிந்த முதற் பந்து எந்த அணிக்கு எதிராக என்பதைக்கூட நாம் கவனிக்கவில்லை. அவர் குதிகாலையே நோக்கிக்கொண்டிருந்தோம்.

ஆகவே நம் கருத்தைத் தொகுத்துச் சொல்வோம். வெற்றியில் மகிழ்தல் சிறுமையன்று. பிறர் ஆட்டத்தில் தன் உள்ளத்தை வைத்தலும் பேதைமையன்று. தன்னலத்திற்கு அப்பாற்பட்ட ஒன்றிற்காக வருந்தவும் மகிழவும் கற்கும் பள்ளியே அது. ஆனால் அம்மகிழ்ச்சி எதிரியின் வீழ்ச்சியைத் தின்று வளருமாயின் அது மகிழ்ச்சியன்று, பசி. தோல்வியைப் பொறுத்தவனுக்கே வெற்றியைச் சொல்லும் உரிமை உண்டு. எதிரியின் துன்பத்தையும் பொறாதவனிடத்தே அவ்வுரிமை நிலைபெறும்.

இன்று கல்லூரியிற் பயிலும் இளைஞர்க்கு ஒரு வார்த்தை. இவ்வாண்டும் நம் களத்திலே அயற் கல்லூரியோடு ஆட்டங்கள் நடைபெறும். நீங்கள் வரிசையாக நின்று கூவுவீர்கள், கூவுதல் வேண்டும். குரல் கம்முமளவும் கூவுங்கள். எதிர்ப்பக்கத்து வீரன் ஒருவன் என்றேனும் ஒருநாள் உங்கள் கண்முன்னே வீழ்வான். அவனால் தோற்கவிருந்த ஆட்டம் அவன் வீழ்ச்சியால் உங்கள் பக்கம் சாயும். அந்தக் கணத்தில் உங்கள் கைகள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். புள்ளிப் பலகை சொல்லாத முடிவு அங்கே தெரியும்.

நம் நண்பரின் வினாவிற்கு இப்பொழுது விடை கூறலாம். அந்த 'நாம்' என்பதனுள் நம் இடம் யாது? ஜூன் 10-ஆந் திகதி இரவு நாம் அவ்விடத்தை இழந்தோம். ஒருவர் பின்வரிசையினின்று சொன்ன ஒரு சொல்லால் மீண்டும் பெற்றோம். பெற்றது அவர் பக்கத்து நாற்காலி. அங்கேயே இன்றும் அமர்ந்திருக்கின்றோம்.